தறி நின்றால் டெக்கும் நிற்கும்

எங்கள் தறிக்கூடத்தில் பாட்டு ஒரு மண்பானையிலிருந்து வந்தது. தண்ணீர் ஊற்றி வைக்கிற பெரிய பானை. அதன் வாயில் ஸ்பீக்கரைக் குப்புறக் கவிழ்த்து, இடைவெளியில் பழைய துணியை அடைத்திருந்தோம். அப்படி வைத்தால் சத்தம் பானைக்குள் போய்ப் பெருத்து, தொம் தொம் என்று தரை வழியாகக் காலுக்கு வரும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மதுரையில் பல வீட்டு மாடிகளிலும் கடைகளிலும் இப்படிப் பானை இருந்தது. தறிக்கூடத்தில் வைத்தவர்கள் எங்களைத் தவிர வேறு யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

அதில் நாங்கள் போட்டது வெளிநாட்டு மிஷின் பாட்டு. இன்றைக்குப் பையன்கள் அதற்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துப் பெயர் சொல்கிறார்கள். மேளம் கிடையாது, நாதஸ்வரம் கிடையாது, எல்லாம் கருவிக்குள்ளேயே செய்த சத்தம். பாட்டு என்று சொன்னோமே தவிர, அதில் பாடுகிற ஆள் ஒருவரும் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்த நினைப்பால் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபது வயதில் தெரிந்தவர் ஒருவர் மதுரை செல்லூரில் விசைத்தறி ஓட்டச் சேர்த்துவிட்டார். எனக்குப் பேச்சு வராது. ஊமை என்று இல்லை. நாலு பேர் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். டீக்கடையில் யாராவது டீ சொன்ன பிறகு, எனக்கும் ஒன்று என்று விரலைக் காட்டுவேன். அவ்வளவுதான் என் பேச்சு.

அந்த வகையில் தறிக்கூடம் எனக்குத் தோதான இடம். துண்டும் கைலியும் ஓடுகிற தறிகள் இரண்டு வரிசையாக நின்றன. ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுகிற சத்தத்தில், காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் எல்லோரும் கையால்தான் பேசினார்கள். இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ வந்துவிட்டது. பின்னலைத் தடவுவதுபோல் தோளிலிருந்து கையை இறக்கினால் பெண். சுட்டுவிரலைச் சுழற்றினால், ஓடட்டும், நிறுத்தாதே. நான் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். வாயால் பேசியதைவிட அதில் அதிகம் பேசினேன்.

ஆனால் அந்தச் சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. தறிகள் எல்லாம் ஒரே மாதிரி ஓடினாலும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து அடிக்காது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். சந்தைக்குள் நின்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்களே, அதுபோல. வேலை முடிந்து படுத்தாலும் அது தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். முதல் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வரக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

தீபாவளிக்கு முன்னால் பிட்டர் அண்ணன் அந்தப் பானையைக் கொண்டுவந்து வைத்தார். பிட்டர் என்றால் தறி பழுது பார்க்கிறவர். கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். ஒரு பழைய டேப் டெக்கையும், தானே பூட்டிய ஆம்ப்ளிஃபயரையும் பானையோடு சேர்த்தார். முதல் நாள் சாமி பாட்டுப் போட்டார். தறி ஓடியபோது அதில் ஒரு வரியும் கேட்கவில்லை. சினிமாப் பாட்டும் அப்படியே. கடைசியில் யாரோ கொடுத்த வெளிநாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டார். அது கேட்டது. காதில் இல்லை, உள்ளங்காலில்.

தறிச் சத்தம் முழுவதும் மேலே ஓடிக்கொண்டிருக்க, அடியில் ஒரே சீராக அந்தத் தொம் தொம் வந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று நடந்தது. கலைந்து கிடந்த அத்தனை தறிச் சத்தமும் அந்த அடியின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. முந்துகிற தறியும் பிந்துகிற தறியும் வேண்டுமென்றே முந்திப் பிந்துவதுபோல் இருந்தது. அன்றைக்கு இரவு தலைக்குள் சந்தை ஓடவில்லை. தீபாவளிக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

டெக்குக்கான கரண்டைத் தறிகளுக்குப் போகிற அதே மெயின் சுவிட்சிலிருந்துதான் அண்ணன் இழுத்திருந்தார். மெயினை இறக்கினால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். கரண்ட் போனாலும் அப்படித்தான். திரும்ப வரும் கரண்ட் ஏறி அடித்தால் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடும் என்பதால், கரண்ட் போன உடனே டெக்கின் பட்டனை விடுவித்துவிட வேண்டும். பானைக்குப் பக்கத்துத் தறி என்னுடையது. ஆகவே அந்த வேலையும் என்னுடையது. கரண்ட் வந்ததும் முதலில் தறிகளை ஓடவிடுவோம். எல்லாம் ஓடிய பிறகு நான் பட்டனை அமுக்குவேன். இதனால், தறி ஓடாத நேரத்தில் அந்தப் பாட்டுகளை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களில் யார் வீட்டிலும் டேப் கிடையாது. இதைப் பெரிய விஷயமாக அப்போது யாரும் நினைக்கவில்லை.

கேசட்டுகளை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்து வாங்குவோம். பிட்டர் அண்ணனும் நானும் என் எதிர்த் தறிக்காரனும் போவோம். எதிர்த் தறிக்காரன் கொட்டாம்பட்டிப் பக்கத்தான், என் வயது, எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பான். கடைக்காரரிடம் கப்பலில் வேலை பார்க்கிற ஒருவர் கொண்டுவந்து கொடுத்த மூலக் கேசட்டுகள் கீழ்த்தட்டில் இருந்தன. அட்டையில் இருந்த ஆங்கிலத்தை எங்களால் படிக்க முடியாது. கடைக்காரர் கொஞ்சம் ஓடவிட்டுக் காட்டுவார். வெளியே பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு திரும்பும். கண்டக்டர்கள் கத்துவார்கள். பக்கத்துக் கடையில் வேறு பாட்டு அலறும். நாங்கள் காதை நம்பாமல் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம்.

"என்ன தம்பி, நாடி பாக்குறீகளா?" என்பார் கடைக்காரர்.

"உயிர் இருக்கான்னு பாக்குறோம்ணே" என்பான் கொட்டாம்பட்டிக்காரன்.

கை சரி என்றால் அதைப் பதியச் சொல்வோம். பேர் தெரியாததால், பாட்டு உடம்பில் எங்கே வந்து அடிக்கிறதோ அதையே பேராக வைத்துக்கொண்டோம். முட்டிப்பாட்டு, வயித்துப்பாட்டு, நெஞ்சுப்பாட்டு. கூடத்தில் யாருக்காவது ஒரு பாட்டு வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். நான் கேசட்டை மாற்றுவேன். அதிகமாகக் கை போனது நெஞ்சுக்குத்தான். அந்தப் பாட்டில் ஓர் இடத்தில் அடி எல்லாம் நின்றுவிடும். தறி மட்டும் ஓடும். போய்விட்டது என்று நினைக்கும்போது, விலா எலும்புக்கு உள்ளேயிருந்து வருவதுபோல் திரும்ப வரும். அந்த இடத்துக்கு எல்லோரும் காத்திருப்போம். நூல் அறுந்தால்கூட, அது வந்த பிறகு போய்க் கட்டியவர்கள் உண்டு.

முதலாளி சௌராஷ்டிரக்காரர். வீட்டில் அவர்கள் பாஷை, எங்களிடம் எங்கள் தமிழ். அவரும் சின்ன வயதில் தறி ஓட்டியவர்தான். வீடு தறிக்கூடத்துக்குப் பின்சுவரை ஒட்டி இருந்தது. பானையின் அதிர்வில் அவர்கள் அடுப்படியில் தட்டுகள் ஆடுகின்றன என்று வீட்டம்மா அவ்வப்போது சொல்லி அனுப்புவார். நான் சத்தத்தைக் குறைப்பேன். மறுநாள் தானாக ஏறிவிடும்.

அப்போது முதலாளி தறிக்கூடத்துக்கு மேலேயே மாடி எடுத்துக் கட்டினார். வேலை முடிகிற சமயத்தில் ஒருநாள் கூடத்துக்குள் வந்து மெயினை இறக்கச் சொன்னார். தறி நின்றது. டெக்கும் நின்றது.

"மேல குடி வந்துட்டா இதுக்கு மேலதான் நாங்க படுக்கணும்" என்றார். "தறிச் சத்தம் எனக்குப் பொறந்ததுலருந்து பழக்கம். இது என்ன, இழவு வீட்டுக் கொட்டு மாதிரி. கிரகப்பிரவேசம் முடிஞ்ச மறுநாள் இந்தப் பானை இங்க இருக்கக் கூடாது."

"முதலாளி, அதுல மியூசிக் இருக்கு" என்றார் பிட்டர் அண்ணன்.

"எங்க இருக்கு? செவுத்துக்கு அந்தப் பக்கம் எனக்குத் தொம்முதொம்முன்னுதான் கேக்குது."

எங்களுக்கும் தொம்முதொம்மு என்றுதான் கேட்டது.

அன்றைக்கு டீக்கடையில் கொட்டாம்பட்டிக்காரன் என்னைப் பார்த்தான். "மாப்ள, பானை போயிட்டா நீ என்ன செய்வ?"

"ஊருக்குப் போறேன்."

"போயி?"

"பருத்தி எடுக்க வேண்டியதுதான்."

"பருத்திச் செடி பக்கத்துல பானைய வச்சுக்குவியோ?"

அவன் சிரித்தான். நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அந்த அடி இல்லாமல் தறிச் சத்தத்துக்குள் இன்னொரு வருடம் நிற்க என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மதுரையில் எனக்கென்று இருந்தது அந்தக் கூடம் மட்டும்தான். அங்கே என்னால் நிற்க முடிந்தது பானையால்.

பிட்டர் அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு யோசனை சொன்னார். "பானையில, அதுவும் செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டா அவருக்கு என்ன தெரியும்? நல்ல ரேடியோ செட்டுல, குழாய் ஸ்பீக்கர்ல கேக்கணும். கிரகப்பிரவேசத்துக்கு ரேடியோ செட்டு போடுறாகள்ல, அதுல நெஞ்சுப்பாட்டக் குடுப்போம். தெரு பூராம் கேக்கட்டும். அம்புட்டுப் பேரும் நல்லாருக்குன்னு சொன்னா முதலாளி என்ன செய்வாரு?"

எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. பானையிலேயே இப்படி இருந்தால், கம்பத்தில் கட்டிய குழாயில் எப்படி இருக்கும்.

கிரகப்பிரவேசத்தன்று தறிக்கு லீவு. அக்கம்பக்கத்துக் கூடங்களையும் முதலாளி கேட்டுக்கொண்டதால் நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பந்தலுக்குள் சாம்பார் வாளியின் கைப்பிடி விழுகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்டது. முதலாளியின் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருந்தார்கள். அவர்கள் பாஷையில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. காலையிலிருந்து குழாயில் சாமி பாட்டுகள். முதல் பந்தி உட்கார்ந்தபோது ரேடியோ செட்டுக்காரர் எங்களிடம் வந்து, "புதுசா ஏதும் கேசட் இருக்கா தம்பி?" என்று அவராகவே கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். கேசட் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுவிட்டு, இலை காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்.

நாங்கள் மூவரும் கம்பத்துக்குக் கீழே நின்றோம். நெஞ்சில் வந்து அடிக்கும் என்று எதிர்பார்த்து நின்றோம். ஒன்றும் அடிக்கவில்லை. குழாயிலிருந்து கிச் கிச் என்று தேங்காய் துருவுவதுபோல் மெல்லிய சத்தம் வந்தது. அப்புறம் ஒரு பெண் மூச்சு வாங்கினாள்.

ஓடி வந்து நிற்கிறவள்போல் முதலில் வாங்கினாள். பிறகு மெதுவாக விட்டாள். பிறகு முனகினாள். ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள், தாழ்ந்த குரலில், யாருடைய காதுக்குள்ளோ சொல்வதுபோல. சிரித்தாள். மறுபடி முனகினாள். தெருமுனைக் கம்பத்தில் இன்னொரு குழாய் கட்டியிருந்தார்கள். அங்கே அவள் கொஞ்சம் தாமதமாக முனகினாள்.

"மாப்ள, வேற கேசட்டக் குடுத்துட்டியா?" என்றான் கொட்டாம்பட்டிக்காரன்.

"அதேதான்."

"அதுல ஏதுடா பொம்பள?"

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். முதலாளி வீட்டாரின் பேச்சு மொத்தமாக அடங்கிப்போனது. வாசலில் நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர், காது சரியாகக் கேட்காதவர் என்று நினைக்கிறேன், "யாருக்கோ முடியல போல, ஆட்டோவக் கூப்புடுங்கப்பா" என்று தமிழிலேயே சத்தமாகச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் ரேடியோ செட்டுக்காரருக்கு உறைத்தது. சோற்றுக் கையோடு எழுந்து இலைகளைத் தாண்டி ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் அவள் இன்னொரு முறை சிரித்துவிட்டாள்.

கேசட்டை என் கையில் திணித்தபோது அதன்மேல் ரசம் இருந்தது. "வீட்டுக்குள்ள கேக்குறத வீதியில போடக் குடுக்குறீகளே தம்பி" என்றார்.

நான் அப்போதும் அது எங்கள் பாட்டு என்று நம்பவில்லை. நான் தங்கியிருந்த அறைக்குப் போன பிறகுதான் யோசித்தேன். நடுவில் அவள் பேச்சை நிறுத்தி, மூச்சுகூட விடாமல் இருந்த ஓர் இடம் வந்தது. அதுதான் அடி நின்று திரும்ப வருகிற இடம். அவ்வளவு நாளும் அங்கே அவள் இருந்திருக்கிறாள். தறி ஓடியதால் எங்களுக்கு அவள் கேட்கவில்லை. அவளும் தேங்காய்த் துருவலும் மட்டும் குழாயில் வந்தது. எங்களுடைய பாதியான அந்த அடி குழாயில் வரவில்லை. இது பிற்பாடு பிட்டர் அண்ணன் விளக்கியது. குழாய்க்கு அடித்தொண்டை கிடையாது, பானைக்கு மேல்தொண்டை கிடையாது என்றார். தெரிந்தவர், முன்னாலேயே யோசித்திருக்கலாம். ஆனால் பாட்டில் மேலே ஒரு குரல் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாதே.

அன்று சாயங்காலமே துணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தறி ஓடவில்லை. முதலாளி கூடத்து நடுவில் நின்றிருந்தார். உள்வாசலில் வீட்டம்மா நின்றிருந்தார். நாங்கள் எல்லோரும் தறிக்குத் தறி நின்றோம்.

"எம்புட்டு நாளா இந்தக் கருமத்தக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றார் முதலாளி. "என் வீட்டுச் செவுத்துக்கு இந்தப் பக்கம்."

எப்போதும் பேசுகிற பிட்டர் அண்ணன் தரையைப் பார்த்தார். கொட்டாம்பட்டிக்காரன் நூலைப் பார்த்தான்.

"குடுத்தது யாரு?"

"நாந்தான் முதலாளி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அதுல பொம்பள இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

"தினமும் கேக்குற, தெரியாதா? பொய் சொன்னாலும் பொருந்துற மாதிரி சொல்லுடா."

"தறி ஓடுனா அவ கேக்க மாட்டா. தறி ஓடாம நாங்க கேட்டதில்ல. ஓட்டிப் பாருங்க."

அவரிடம் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது. முதலாளி தானே போய் மெயினைப் போட்டார். கைப்பிடிகளைத் தட்டித் தறிகளை ஓடவிட்டார்கள். எல்லாம் ஓடிய பிறகு, வழக்கம்போல, கடைசியாக நான் கேசட்டைச் செருகிப் பட்டனை அமுக்கினேன். ரசம் பட்ட கேசட் அப்படியே ஓடியது.

அவர் இரண்டு வரிசைக்கும் நடுவே போய் நின்றார். கழுத்தை நீட்டிக் கேட்டார். பிறகு பானைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார். நிமிர்ந்து, தோளிலிருந்து கையைப் பின்னல்போல் இறக்கி, விரலை விரித்துக் காட்டினார். பெண் எங்கே என்று. அவரும் தறிக்காரர்தானே, சைகை மறக்கவில்லை. எல்லோரும் கையை ஆட்டினார்கள். இல்லை என்று. அவர் மறுபடியும் நடுவில் போய் நின்றார். அந்த நேரம் பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. அடி நின்றது. தறி மட்டும் ஓடியது. அப்புறம் திரும்ப வந்தது. முதலாளியின் கை அவரை அறியாமல் நெஞ்சுக்குப் போனதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அது அங்கேயே இருந்தது.

பிறகு போய் மெயினை இறக்கினார். நான் பட்டனை விடுவித்தேன்.

"கேக்கலதான்" என்றார். உள்வாசலைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

"பானைக்கு அடியில கழிவு நூல் மூட்டையப் போடுங்க. மேல பாத்திரம் ஆடக் கூடாது. இன்னொண்ணு, தறி நின்னா டெக்கு நிக்கணும். முந்தி நின்னாலும் சரி, பிந்தி நிக்கக் கூடாது." என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "நீதான் பொறுப்பு."

அன்று சாயங்காலம் பையிலிருந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டேன். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பிப் போகிற யோசனை வரவில்லை. கல்யாணம், வீடு, பிள்ளைகள் எல்லாம் செல்லூரிலேயே ஆனது.

ஆனால் நெஞ்சுப்பாட்டு பழையபடி இல்லை. அவள் எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே சிரிப்பாள் என்று குழாயில் ஒரே தடவை கேட்டது மனதில் நின்றுவிட்டது. கேட்காது என்று தெரியும். இருந்தும் அந்த இடம் வரும்போது தலையைத் தூக்குவேன். எதிர்த் தறியில் கொட்டாம்பட்டிக்காரனும் தலையைத் தூக்கியிருப்பான். கண் பட்டதும் இருவரும் நூலைப் பார்ப்போம். இதைப் பற்றி ஒருநாளும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. மூட்டையின்மேல் வைத்ததால் அடியும் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. அதுவும் பழகிவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த மாதிரிப் பாட்டு எங்கும் வந்துவிட்டது. மினி பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் பெட்டி வைத்தார்கள். கோயில் திருவிழா மேடையில் அதற்கு ஆடினார்கள். ரெக்கார்டிங் கடை முதலில் சி.டி. கடை ஆனது, அப்புறம் செல்போன் ரீசார்ஜ் கடை ஆனது. முதலாளியின் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போனார்கள். அவர் தறிகளை எடைக்குப் போட்டார். பானையை அதற்கு முன்பே யாரோ தறி நகர்த்தும்போது இடித்து உடைத்திருந்தார்கள். நான் வேறு கூடத்துக்கு மாறினேன். அங்கே பாட்டு இல்லை. அதற்குள் எனக்குக் காது பாதி போயிருந்ததால் தறிச் சத்தமும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை.

போன தை மாதம் கொட்டாம்பட்டிக்காரன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். அவன் ஊரோடு போய் வெகு காலமாகிறது. என்னையும் கூட்டிக்கொண்டு பிட்டர் அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணனுக்கு இப்போது முட்டியில் வலி, வேலைக்குப் போவதில்லை. மூவரும் உட்கார்ந்ததும் பேச்சு தானாகப் பானைக்குப் போனது. யார் எந்தப் பாட்டைக் கண்டுபிடித்தது, எந்தக் கேசட் டெக்கில் சிக்கி நாராகக் கிழிந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். கொட்டாம்பட்டிக்காரன் நடுவில் எழுந்து, "யாருக்கோ முடியல போல" என்று அந்தப் பெரியவர்போல் சொல்லிக் காட்டினான்.

அண்ணன் பீரோவிலிருந்து நெஞ்சுப்பாட்டுக் கேசட்டை எடுத்தார். கூடம் மூடியபோது கேட்டு வாங்கி வைத்திருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அட்டையில் கடைக்காரர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்ததை அண்ணனின் மகன் படித்து, செல்போனில் தேடி எடுத்துவிட்டான். உள்ளங்கை அளவு பேட்டரி ஸ்பீக்கரில் போட்டான்.

எல்லாம் சுத்தமாகக் கேட்டது. அடியும் கேட்டது, அவளும் கேட்டாள். நாங்கள் கடைசிவரை கேட்டோம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் கொட்டாம்பட்டிக்காரன். "நம்ம பாட்டு இது இல்ல."

அண்ணன் எழுந்து அடுப்படிக்குப் போனார். "அது தண்ணிப் பானை, தொட்டீகன்னா பாருங்க" என்று அவர் மனைவி சொல்லச் சொல்ல, பானையைக் காலி செய்து கொண்டுவந்தார். ஸ்பீக்கரை அதன் வாயில் குப்புற வைத்துத் துண்டால் சுற்றினார். மகன் மறுபடி போட்டான். அடி தரைக்கு வந்தது. நான் உள்ளங்காலைத் தரையில் பதித்தேன். ஆனால் இன்னும் என்னவோ குறைந்தது. மூவருக்கும் அது என்ன என்று தெரிந்தது.

"கிரைண்டர்ல மாவு போட்ருக்கியா?" என்று அண்ணன் உள்ளே கேட்டார்.

"அரிசி ஊறுது. ஏன்?"

"இப்பப் போடு."

"இன்னும் ஊறல."

"ஊறாட்டிப் பரவால்ல, போடு. மிக்சியவும் போடு."

அந்த அம்மா எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இரண்டையும் போட்டார். கிரைண்டர் கடகடத்தது. மிக்சி அலறியது. அவள் குரல் மறைந்தது. அடி மட்டும் தரையில் நின்றது. கொட்டாம்பட்டிக்காரன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். சரியாக இருந்தது. அண்ணனின் மகன் செல்போனை அங்கேயே வைத்து, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போனான்.

அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போய்விட்டது.

கிரைண்டர் இழுத்து நின்றது. மிக்சி நின்றது, ஃபேன் நின்றது. ஸ்பீக்கரில் பேட்டரி இருந்ததால் அது மட்டும் நிற்கவில்லை. அந்த அமைதியில், பானைக்குள்ளிருந்து, அவள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"டெக்க நிறுத்துடா" என்றார் அண்ணன், பழக்கத்தில்.

என் கை அதற்கு முன்பே பானைக்குப் போயிருந்தது. எதிரே கொட்டாம்பட்டிக்காரன், ஓடட்டும் என்று, சுட்டுவிரலைச் சுழற்றிக் காட்டினான். நான் கையை எடுத்துக்கொண்டேன்.